மூன்றாம் ஞாயிறு நகர்ந்த அம்பு

பதுளையிலிருந்து பண்டாரவளை போகும் பஸ்ஸில் என் முன்சீட்டில் ஓர் அண்ணனும் தங்கையும். அவன் மடியில் கல்யாணக் கார்டுக் கட்டு, கல்யாணம் தங்கைக்காம். என் மடியில் இரண்டு முட்டைக்கோவா, அது வேறு கதை.

“நீ கம்ப்யூட்டர்ல அனுப்புன கடுதாசிய கொழும்புல தொறந்தா, எழுத்தெல்லாம் புழு மாதிரி கெடந்துச்சு,” என்றான் அண்ணன்.

எனக்கு எல்லா எழுத்தும் அப்படித்தான். படித்தவனுக்குமா என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

“எங்க கடை கம்ப்யூட்டர்ல நல்லாத்தானே இருந்துச்சு?”

“அது விண்டோஸ், என்னுது லினக்ஸ். அந்தத் தமிழ் எழுத்து எங்கிட்ட இல்ல. அதான் உன் ஸ்கிரீனையே என் பக்கம் வரவச்சு படிக்கப் பாத்தேன். ரெண்டும் ஒத்துப்போறதுக்குள்ள மூணு ஞாயித்துக்கிழம போயிருச்சு.”

“மூணாவது ஞாயிறுதான் எங்க ஸ்கிரீன்ல மவுஸ் அம்பு தானா நகந்துச்சு. அதுக்கு முந்துன வியாழக்கிழம பரிசம் போட்டாச்சு.”

அவன் கார்டுக் கட்டின் நூலை அவிழ்த்து மறுபடி கட்டினான்.

“இந்த மாப்பிள்ள வேணாம்னு போன்லயே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே, புள்ள.”

“எப்பிடி சொல்ல? ஞாயிறு மட்டுந்தானே நீ பேசுவ. நீ கம்ப்யூட்டர்ல வர்றத பாக்கணும்னு ஒவ்வொரு ஞாயிறும் அப்பா வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டு பக்கத்துலயே உக்காந்துட்டாரு.”

“அப்ப, நான் உன் ஸ்கிரீன்ல கடுதாசிய தொறந்தப்ப அவரும் படிச்சாரா?”

“இல்லண்ணே. அவரு அம்ப மட்டுந்தான் பாத்தாரு. கடைக்கு வந்த ஆளுங்கள எல்லாம் கூப்புட்டு, ‘அந்தா பாருங்க, எம் மகன் கை’ன்னு காட்டிக்கிட்டே இருந்தாரு.”