கூப்பன் அரிசி

— ஹீற்றரைக் கூட்டுங்கோப்பா, கால் விறைக்குது. எத்தினையோ வருசமாய் அலுமாரிக்கை கிடந்த மாவோ பட்ஜ். மகளுக்குச் சம்பந்தம் பேச வந்த நாளிலைதானோ உதை எடுத்துச் சேர்ட்டிலை குத்தவேணும்?

— சீன ஆக்கள் வீடு, வதனா. ஒரு மரியாதைக்குத்தான் குத்தினனான், விளங்குதோ? அவையின்ர தலைவற்ர படம்தானே.

— நல்ல மரியாதை. மாப்பிளையின்ர தேப்பன் சாப்பாட்டை அப்பிடியே விட்டிட்டு எழும்பி மேல மாடிக்குப் போயிட்டார். மனுசி பின்னாலை ஓடிப் போனா. எங்கட பிள்ளை நிரூபா வந்து, ரெண்டு பேரும் கொஞ்சநேரம் காருக்கை இருங்கோ எண்டாள். சம்பந்திமாரைக் காருக்கை இருத்தின கதை எங்கையாவது கேள்விப்பட்டிருக்கிறியளோ?

— கெவின் நல்ல பெடியன். தேப்பனைச் சமாளிப்பான்.

— உதைக் கழட்டுங்கோ. அவர் இறங்கி வரேக்கை உங்கட சேர்ட்டிலை உது இருக்கக்கூடாது.

— கழட்டேலாது. உங்கட ஊர்த் தேத்தண்ணிக்கடையிலை எங்கட சாதி ஆக்களுக்குப் போத்தலிலைதான் ஊத்தித் தந்தவங்கள். எனக்கும் கிளாசிலை தா எண்டு கேட்டு உள்ளுக்கை போன அண்டைக்கு நெஞ்சிலை இருந்தது கட்சி தந்த உந்தப் பட்ஜ்தான், விளங்குதோ? அடி எனக்குத்தான் விழுந்தது. பீக்கிங்கிலையிருந்து ஒருத்தரும் வரேல்லை. எண்டாலும் உதைக் குத்தினாப் பிறகுதான் நிமிந்து நடந்தனான். உங்கட அப்பாவுக்கு முன்னாலையும் தோழர் இரத்தினவேலாய்த்தான் வந்து நிண்டனான்.

— ஓம், நிண்டியள். நானும் உங்களோடை வந்தனான். அப்பா என்ர கலியாணத்துக்கு வரேல்லை. சாகுமட்டும் கதைக்கேல்லை. என்ர பிள்ளையின்ர கலியாணத்திலையும் ஒரு தேப்பன் வராமல் நிக்கக்கூடாது. அவ்வளவுதான் கேக்கிறன்.

— சரி. இந்தா, பிடி. ஊசி துருப்பிடிச்சுப் போச்சு, பாத்து.

— கோவமோ?

— கோவமில்லை. அலுப்பு. எத்தினை பேரோடை எத்தினை வருசமாய் உதுக்காகச் சண்டை பிடிச்சாச்சு. இண்டைக்கு நான் சண்டைகூடப் பிடிக்கேல்லை, வதனா. சாப்பிடேக்கை ரீவியிலை சீனத் தலைவர் டெங் செத்த செய்தி போகுது. அந்த மனுசன் என்னைக் கேட்டார், அறுபதாம் ஆண்டு சீனாவிலை சனம் பட்டினி கிடந்து செத்தது தெரியுமோ எண்டு.

— நீங்கள் என்ன சொன்னியள்? எனக்கு உங்கட இங்கிலிசு ஒண்டும் பிடிபடேல்லை.

— அப்பிடி இருந்திருக்காது எண்டன். அந்த வருசங்களிலைதானே சீனாவிலையிருந்து எங்களுக்குக் கப்பல் கப்பலாய் அரிசி வந்தது. சங்கக்கடையிலை ரேசன் கூப்பனுக்குத் தந்தவை. வீட்டிலை எட்டுச் சீவன், வேற வழியில்லை. உங்கட அரிசியிலை வளந்த உடம்பு, பெரிய உபகாரம் எண்டு அவரைக் கையெடுத்துக் கும்பிட்டனான்.

— நன்றி சொன்னதிலை என்ன பிழை? எல்லாம் உந்தப் பட்ஜ் செய்த வேலை. அங்கை, நிரூபா வாறாள். கோட்டும் போடாமல் வாறாள்.

— அம்மா, தள்ளி இருங்கோ, சரியான ஃப்ரீசிங்.

— என்னவாம், பிள்ளை? வேண்டாமாமோ?

— இல்லையம்மா, வெடிங்குக்கு அவர் ஓகேதான்.

— நிரூபா, நான் பட்ஜைக் கழட்டிப்போட்டன் எண்டு அவரிட்டைச் சொல்லு. மன்னிக்கட்டாம் எண்டும் சொல்லு.

— பட்ஜ் இல்லை அப்பா. அங்கை எல்லாரும் அதைக் குத்தினவையாம், தானும் சின்னனிலை குத்தினவராம். அதைப் பாத்துச் சிரிச்சவர்.

— அப்ப ஏன் எழும்பிப் போனவர்?

— மேல இருந்து அழுதவர் அப்பா. நான் அவரைக் காணேக்கை, லைக், சின்னப்பிள்ளையள் மாதிரி விக்கி விக்கி அழுதார். அறுபதாம் ஆண்டு அவையின்ர ஊரிலை விளைஞ்சது முழுக்க வந்து ஏத்திக்கொண்டு போனவையாம். கொஞ்சம் வெளிநாட்டுக்கும் போகுதெண்டு சொன்னவையாம். தவிடுகூட மிஞ்சேல்லையாம். அவற்ர தங்கச்சிக்கு நாலு வயசு.

— தங்கச்சியோ?

— ஓம் அம்மா. அந்த வின்ரரிலை செத்துப் போச்சுது.



— அந்த அரிசிக்கோ நான் அவரைக் கும்பிட்டனான், வதனா?

— அவருக்கு உங்களிலை கோவமில்லை அப்பா, உண்மையா. அந்த அரிசியைச் சாப்பிட்ட ஒராளை இப்பதான் முதல்முதல் காணுறாராம். ஒண்டே ஒண்டு மட்டும் உங்களிட்டைக் கேட்டுக்கொண்டு வரச் சொன்னவர். அந்த அரிசி நல்லாய் இருந்ததோ எண்டு.