தனிக்குழாய் வீடு

கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் போகும் ரயிலில் எனக்கு எதிரே அக்காளும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். ஒட்டுக் கேட்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. அவர்கள்தான் இரைந்து பேசினார்கள். அக்காள் புருஷனுக்கு ரயில்வே பட்டறையில் உத்தியோகம் உயர்ந்து, பிரிக்பீல்ட்ஸில் பெரிய வீட்டு வரிசைக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்களாம். அன்றுதான் சாவி வாங்கும் நாள்.

“அந்த வீடு எனக்கு வேணாம்டி,” என்றாள் அக்காள்.

“தனிக்குழாய் இருக்குங்கிற, தனி சமையக்கட்டு இருக்குங்கிற. வேற என்ன வேணும் உனக்கு?”

“இப்ப இருக்கிற லயத்து வீடுங்கள்ல எங்கிட்ட மட்டுந்தான் தையல் மிஷின் இருக்கு. நான் குடத்தோட போனா குழாயடியில வழி விடுவாளுங்க. அங்க வீட்டுக்கு வீடு மிஷின். வீடு பார்க்கப் போனப்ப ஒருத்தி என் சேலையத் தொட்டுப் பார்த்துட்டு ஒண்ணுமே சொல்லல.”

“அத்தான் என்ன சொல்றாரு?”

“ஆபீஸ் கிராணி வீட்டுக்குப் பக்கத்துல இருக்கப் போறோம்னு அவரு சந்தோஷத்துல ராத்திரியெல்லாம் தூங்கல.”

தங்கை கொஞ்சம் யோசித்தாள்.

“அந்த வரிசையில மிஷின் இல்லாதவ ஒருத்திகூடவா இல்ல?”

“கடைசி வீட்டுப் பொண்ணுகிட்ட இல்ல. புதுசா கல்யாணமாகி வந்தவ.”

“அவளுக்குப் பக்கத்து வீடு?”

“காலியாத்தான் இருக்கு. கேட்டா அதையே குடுப்பாங்க.” சொன்னவள் அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

வண்டி நிற்குமுன்பே கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

“சீக்கிரம் வாடி. அவ புருஷன் அவளுக்கு மிஷின் வாங்கிக் குடுக்கிறதுக்குள்ள நாம குடி போயிடணும்.”