ராஜமாணிக்கத்தைப் புரட்டிப் போட்டது யார்?

எட்டு மணிக்கு மேல் அந்த ரோட்டில் ஆள் நடமாட்டம் இருக்காது. கவரைப்பேட்டை ஸ்டேஷனில் இறங்கி, இரும்புக் கம்பெனிகளின் பின்சுவரை ஒட்டிப் போகிற லாரி ரோடு. கம்பம் உண்டு, லைட் எரியாது. நம் சாம்சனின் சித்தி மெர்சி தினமும் அந்த வழியாகத்தான் போய்வந்தாள்... கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். சத்தமாகச் சொல்கிற விஷயமில்லை.

மெர்சிக்குப் பொன்னேரியில் நர்ஸ் வேலை. வேலை முடிந்ததும், படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை வீடு தேடிப் போய்ப் பார்ப்பாள். புண் கழுவுவாள், துணி மாற்றுவாள், நகம்கூட வெட்டிவிடுவாள். அப்படிப் போன இடம்தான் ராஜமாணிக்கம் வீடு. கம்பெனி ஷெட் கூரையிலிருந்து விழுந்தவர். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. பேச்சும் போய்விட்டது. கண் மட்டும் ஆளைத் தொடர்ந்து வரும். ரோட்டுக் கடைசியில் ஒற்றை அறை. கூட இருப்பது தம்பி குப்புராஜ் மட்டும். அவனுக்கு நைட் ஷிஃப்ட்.

முதல் நாளே மெர்சி அவரைத் திருப்பி முதுகைப் பார்த்தாள். உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப் புண்.

"ஒரே பக்கமா படுக்க வெச்சா இப்டித்தான் ஆவும். அப்பப்ப புரட்டிப் போடு தம்பி."

புண் ஆறத் தொடங்கியது. அவள் எதிர்பார்த்ததைவிட வேகமாக. எப்போது போனாலும் விரிப்பில் சுருக்கம் இல்லை, முதுகில் பவுடர். ஒரு நாள் குப்புராஜை மனசாரப் பாராட்டினாள்.

குப்புராஜுக்குப் புரியவில்லை. "நானா? நீங்கதான் ராத்திரி இன்னொரு வாட்டி வந்து பாத்துட்டுப் போறீங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன். உங்களுக்காகத்தானே சாவிய நெலைக்கு மேல வெச்சிட்டுப் போறேன்?"

மெர்சி அவனை நம்பவில்லை. பிறகு வேறு சந்தேகம் வந்தது. ராஜமாணிக்கம் எப்படி விழுந்தார் என்று பார்த்தவர் யாரும் இல்லை. அவருக்குப் பேச்சு திரும்பிவிட்டதா என்று கம்பெனியிலிருந்து யாராவது வந்து நோட்டம் பார்க்கிறார்களோ?

புதுப் பூட்டு வாங்கினார்கள். சாவி குப்புராஜின் பாக்கெட்டில். மறுநாள் காலையில் அவன் திறந்தபோது, கொடியில் துவைத்த துணி சொட்டிக்கொண்டிருந்தது.

"யாருண்ணே வர்றது? தெரிஞ்சவங்களா?" என்று மெர்சி குனிந்து கேட்டாள். ராஜமாணிக்கம் கண்களை இறுக மூடிக்கொண்டார். ஓரத்தில் தண்ணீர் வழிந்தது.

அன்று ராத்திரி குப்புராஜ் லீவு போட்டான். கதவைப் பூட்டிவிட்டு, எதிரே நின்ற லாரிக்குப் பின்னால் இரண்டு பேரும் ஒதுங்கி நின்றார்கள். கம்பெனி மெஷின் உறுமிக்கொண்டே இருந்தது... சட்டென்று நின்றது.

உள்ளே துணி பிழியும் சத்தம்.

சொட்... சொட்... கட்டில் கிறீச்சிட்டது. டெட்டால் வாசனை. அதற்கு அடியில், புதிதாகத் தோண்டிய மண்ணின் வாடை. மெதுவாகக் கதவருகே போனார்கள்.

"அவுங்க ரெண்டு பேரும் வாணாம்..." உள்ளே யாரோ கெஞ்சினார்கள். "நா மட்டும் போதும். நல்லவங்க... விட்டுடு."

"அண்ணன் கொரலு, அக்கா," என்றான் குப்புராஜ். கையிலிருந்து சாவி நழுவியது.

ஓடிவிடலாம் என்றுதான் மெர்சிக்குத் தோன்றியது. ஆனால் உள்ளே கிடப்பவரால் ஓட முடியாதே. இருட்டில் தரையைத் தடவிச் சாவியை எடுத்துக் கதவைத் திறந்தாள்.

உள்ளே வேறு யாரும் இல்லை. ராஜமாணிக்கத்தைச் சுவரைப் பார்த்துப் புரட்டிப் போட்டிருந்தது. தலை ஈரமாக, படிய வாரியிருந்தது. மூச்சு இருந்தது. விரிப்போடு சேர்த்துத் தூக்கி வெளியே கொண்டுவந்து, ஆட்டோவை வரவழைத்து ஏற்றினார்கள்.

இப்போது அவர் ஆரணியில், அக்கா வீட்டில் இருக்கிறார். அன்று ராத்திரி கேட்டதோடு சரி, பேச்சு இன்னும் வரவில்லை. மெர்சி வாரம் தவறாமல் போய்ப் பார்க்கிறாள். குப்புராஜ் அந்த வீட்டுப் பக்கமே போவதில்லை.

ஊரில் எல்லோரிடமும் மெர்சி சொன்னது இவ்வளவுதான். சாம்சனிடம் மட்டும் இன்னொன்றும் சொன்னாள்.

அவரைத் தூக்கும்போது, கட்டிலுக்கு அந்தப் பக்கம் தரையில் இரண்டு பாய் விரித்திருந்ததைப் பார்த்தாளாம். இரண்டிலும் ரப்பர் ஷீட் போட்டு, அதன்மேல் சுருக்கமில்லாமல் விரிப்பு. ஒன்றின் தலைமாட்டில் ஒரு நைட்டி மடித்து வைத்திருந்தது.

மெர்சியுடையது. அன்று காலையில் பொன்னேரியில், தன் வீட்டு மொட்டைமாடியில் துவைத்துக் காயப்போட்டுவிட்டு வந்தது.

இன்னும் ஈரமாகத்தான் இருந்ததாம்.