தொண்ணூற்றெட்டின் சிறந்த விளையாட்டு

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். உட்கார்ந்து எழுத இப்போதெல்லாம் எனக்கு முடிவதில்லை. சமையலறை மேடையருகே நின்றபடி எழுதுகிறேன். மூன்று வரிக்கு ஒருமுறை ஜன்னல் வரை போய்க் கடலைப் பார்த்துவிட்டு வருகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மேலாளர் அம்மா, நடந்ததை என் சொந்த வார்த்தைகளில் எழுதித் தரச் சொன்னீர்கள். உங்கள் முதியோர் இல்லத்துப் படிவத்தில் அதற்குப் பன்னிரண்டு வரி விட்டிருக்கிறீர்கள். பன்னிரண்டு வரியில் நான் தும்மக்கூட மாட்டேன். ஆகவே தனித்தாள்.

தொண்ணூற்றெட்டில் இந்த ஊர் நகராட்சிக் குடிநீர் அலுவலகம் அங்கே வேலை பார்த்த எங்கள் எல்லோருக்கும் வீட்டுக்குக் கணினி கொடுத்தது. குடும்பம் குடும்பமாகக் கணினி கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அப்போது அரசாங்கத்தின் ஆசை. நாங்கள் விளையாடக் கற்றுக்கொண்டோம். எனக்கு அப்போது ஐம்பத்தொரு வயது. பக்கத்து மேசையில் குன்வோர், எதிர் மேசையில் சிக்ஸ்டன். காலை பத்து மணிக் காப்பி, மதியம் மூன்று மணிக் காப்பி, இரண்டிலும் ஒரே பேச்சுத்தான். அந்த ஆண்டு வந்ததைப் போல விளையாட்டுகள் அதற்கு முன்னும் வரவில்லை, பின்னும் வரவில்லை. அதில் எங்களுக்குள் சண்டையே கிடையாது. அவற்றில் எது சிறந்தது என்பதில்தான் சண்டை.

நம் நாட்டில் மூன்று பேர் ஒரு பேருந்துக்காகக் காத்திருந்தால், அது வருவதற்குள் சங்கம் ஆரம்பித்துத் தலைவர், செயலாளர், தணிக்கையாளர் எல்லாம் தேர்வாகிவிடும். நாங்களும் ஆரம்பித்தோம். குன்வோர் தலைவர், நான் செயலாளர், சிக்ஸ்டன் துணைத் தலைவரும் தணிக்கையாளரும். தொண்ணூற்றெட்டின் சிறந்த விளையாட்டைத் தேர்ந்தெடுப்பது ஒன்றே நோக்கம். விதி ஏழின்படி தீர்மானம் ஒருமனதாக இருக்க வேண்டும். விதி எட்டின்படி விதி ஏழை மாற்றவும் ஒருமனது வேண்டும். இரண்டையும் எழுதியவன் நான்தான். இருபத்து நான்கு வருடம் அந்த இரண்டு விதிகளுக்குள் மாட்டிக்கொண்டு கிடந்தவனும் நான்தான்.

என் விளையாட்டு 'இரும்பு எல்லை'. அறுபது கட்டங்கள். வேலி போட வேண்டும், பண்ணை வைக்க வேண்டும், டாங்கிகளை நிறுத்த வேண்டும், எதிரி வரக் காத்திருக்க வேண்டும். குன்வோருடையது 'ஏழு விளக்கு'. ஒரு சின்னப் படகில் போய், அணைந்துபோன ஏழு கலங்கரை விளக்கங்களை ஏற்றி வைப்பது, அவ்வளவுதான் கதை. அதை அவள் தன் மகள் மாலினோடு ஒரே விசைப்பலகையில் விளையாடினாள். பதின்மூன்று வயது மாலின் துடுப்புப் போட, அம்மா விளக்கைப் பிடித்துக்கொள்வாள். சிக்ஸ்டன் ஏதோ ஒரு மீன்பிடி விளையாட்டைச் சொன்னான். அவன் வீட்டு வாசலில் ஒரு குளிர்காலம் முழுக்க நான் பனி அள்ளினேன். ஆறாயிரம் டன் இருக்கும். ஏப்ரலில் ஜன்னலைத் திறந்து, "போதும்யா, உன் டாங்கியே இருக்கட்டும், முதுகைப் பார்த்துக்கோ" என்றான். ஆக மிச்சம் குன்வோர் ஒருத்திதான்.

ஒவ்வொரு மார்ச்சிலும் ஆண்டுக் கூட்டம். குன்வோர் உருளைக்கிழங்கு மசிக்கும் கட்டையால் மேசையைத் தட்டித் தொடங்கி வைப்பாள்.

"இங்வே, உன் விளையாட்டுல மனுஷன் சிரிக்கிற இடம் ஒண்ணு காட்டுய்யா. ஒண்ணே ஒண்ணு."

"சிரிக்கவா விளையாடறோம்?"

"பின்ன வேலி போடவா? அதுக்குத்தான் நகராட்சி மாசாமாசம் சம்பளம் குடுத்துச்சே."

"நீங்க ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கிட்டு வீட்டுல சண்டை போடுங்க," என்பான் சிக்ஸ்டன். "பன் ஆறிப்போகுது."

'தீர்மானம் எட்டப்படவில்லை' என்று நான் குறிப்பேட்டில் எழுதுவேன். இருபத்து நான்கு முறை எழுதியிருக்கிறேன். வீட்டுக்கு வந்தால் உட்கார முடியாது. துறைமுகம் வரை நடந்து, திரும்பி, மறுபடி நடப்பேன். அந்தக் கரையோரக் கற்கள் என் செருப்பால்தான் வழவழப்பானவை. புவியியல்காரர்கள் பனியாறு என்பார்கள், நம்பாதீர்கள்.

ஏன் விட்டுக்கொடுக்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். தொண்ணூற்றெட்டு அக்டோபரில் என் மனைவி வீட்டைவிட்டுப் போனாள். சண்டை எதுவும் இல்லை. இரண்டு பெட்டிகளோடு என் நாற்காலிக்குப் பின்னால் நின்று ஏதோ சொல்லியிருக்கிறாள். நான் நாற்பத்தொன்றாவது கட்டத்தில் இருந்தேன். கிழக்கு வேலியில் எதிரி நுழைந்துகொண்டிருந்தான். மறுநாள் மதியம் காப்பித்தூள் எங்கே என்று கேட்டபோதுதான் பதில் வரவில்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நல்ல விளையாட்டு அப்படித்தான் ஆளை இழுக்கும். ஆனால் அது அந்த வருடத்தின் சிறந்த விளையாட்டாக இருந்தாக வேண்டும் அல்லவா? இரண்டாவது சிறந்த விளையாட்டுக்காக ஒருவன் திரும்பிப் பார்க்காமல் இருந்தான் என்றால், அவனை என்னவென்று சொல்வது?

மூன்று வருடங்களுக்கு முன்னால் குன்வோருக்கு மறதி தொடங்கியது. முதலில் சாவி, பிறகு தெரு, பிறகு நகராட்சி. உங்கள் இல்லத்துக்கு வந்தாள். கோத்தன்பர்க்கில் இருக்கும் மாலின் ஞாயிறுதோறும் தொலைபேசியில் கூப்பிடுவாள். ஒருநாள் அம்மாவைப் பார்க்க வந்தவள் இல்லத்து நடைவழியில் என்னைப் பார்த்தபோது அவளே விவரம் சொன்னாள்.

"அம்மாவுக்கு என் குரல் பிடிபடலை மாமா. பேரைச் சொன்னாலும் 'அப்படியா'ன்னு கேக்கறாங்க. ஆனா 'மாடு கத்திடுச்சா'ன்னு கேட்டா உடனே சிரிச்சுடறாங்க. 'கத்திடுச்சு மாலின், படகைத் திருப்புடி'ன்னு சொல்றாங்க. அதுக்கப்புறம் பத்து நிமிஷம் என் அம்மாவா இருக்காங்க. அந்த ஒரு நூல்தான் மிச்சம் இருக்கு."

ஏழு விளக்கில் ஆறாவது கலங்கரை விளக்கத்தை நெருங்கும்போது மூடுபனியில் ஒரு சங்கு ஊதும். முதல் தடவை கேட்டபோது மாலின் அதை மாடு என்று நினைத்தாளாம். அதிலிருந்து அது அவர்களுக்குள் ஒரு வணக்கம் மாதிரி.

நான் அவள் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னேன். உண்மையான ஆறுதல்தான். திரும்பி வரும் வழியில் வேறொன்று புரிந்தது. அந்த ஒரு நூல்தான் என் தீர்மானத்துக்கும் குறுக்கே இருந்தது.

அவசரப்படவில்லை. செவ்வாய்தோறும் பத்து மணிக்கு இலவங்கப்பட்டை பன் இரண்டோடு போனேன். வாசலிலேயே நின்று, "மாடு கத்திடுச்சா?" என்பேன். குன்வோரின் முகம் ஜன்னல் திரையை விலக்கினாற்போல வெளிச்சமாகும். "கத்திடுச்சு, வா வா" என்பாள். பிறகு அந்த மாட்டை நான் மெல்ல நடத்திக் கூட்டிக்கொண்டு போனேன். முதல் மாதம் அது கடலைவிட்டுக் கரை ஏறியது. இரண்டாம் மாதம் பண்ணைக்கு வந்தது. என் விளையாட்டிலும் பண்ணை உண்டு, மாடும் உண்டு. நான்காம் மாதம் கிழக்கு வேலியின் பக்கத்தில் நின்றது. "எதிரி வந்தா அதுதானே கத்தும், குன்வோர்?" என்பேன். "ஆமா, அதுதான் கத்தும்," என்பாள். படகு என்று அவள் எப்போதாவது சொன்னால் நான் கோபப்பட்டதே இல்லை. பன்னை எடுத்துக் கையில் கொடுத்து, "படகா? எந்தப் படகு?" என்று அன்பாகக் கேட்பேன். அவள் கொஞ்ச நேரம் தேடுவாள். பிறகு தேடுவதை நிறுத்திவிடுவாள்.

உங்கள் இல்லத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு வாழ்க்கைப் புத்தகம் வைத்திருக்கிறீர்கள். மிகச் சிறந்த ஏற்பாடு. குடும்பத்தார் ஒட்டிக் கொடுத்த படங்களைப் பணியாளர்கள் காலைதோறும் காட்டி நினைவூட்டுகிறார்கள். குன்வோரின் புத்தகத்தில் பதினான்காம் பக்கத்தில் கணினி முன்னால் அவளும் மாலினும். கீழே, 'அம்மாவும் நானும், ஏழு விளக்கு. மாடு கத்திடுச்சான்னு கேளுங்க!' நவம்பர் மாதத்துச் செவ்வாய் ஒன்றில் அதை எடுத்துவிட்டு வேறொரு பக்கம் வைத்தேன். கிழக்கு வேலியின் வரைபடம், என் படம், கீழே தெளிவான எழுத்தில், 'குன்வோருக்கு மிகப் பிடித்த விளையாட்டு இரும்பு எல்லை. நண்பர் இங்வே கற்றுக்கொடுத்தது.' அதற்குப் பிறகு என் வேலை குறைந்துவிட்டது. உங்கள் பணியாளர் ஹிபோ, நல்ல பெண், தினமும் காலையில் எனக்காக அதை வாசித்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது. அவளைக் கேட்காதீர்கள்.

இருபத்தைந்தாவது ஆண்டுக் கூட்டம் உங்கள் உணவறையில் நடந்தது. வெள்ளி விழா என்பதால் மாலினை விருந்தினராக அழைத்திருந்தேன். விடியற்காலை ரயிலில் கிளம்பி, அந்தப் பழைய ஏழு விளக்கு விளையாட்டையும் மடிக்கணினியில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். மசிக்கும் கட்டையைக் குன்வோரின் கையில் கொடுத்தோம். தட்டினாள். தீர்மானத்தை நான் வாசித்தேன். இரும்பு எல்லைக்கு ஆதரவானவர்கள் கை தூக்கலாம். நான் தூக்கினேன். சிக்ஸ்டன் பாதி தூக்கினான். குன்வோர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளையைப் போல நேராகக் கையை உயர்த்தினாள்.

"கிழக்கு வேலிக்கு ரெண்டு டாங்கி அனுப்பு," என்றாள்.

இருபத்தைந்து வருடம். ஒருமனதாக நிறைவேறியது என்று எழுதினேன். பேனா மூன்று தாளைத் துளைத்துக்கொண்டு போயிருக்கும்.

மாலின் மண்டியிட்டு அம்மாவின் முழங்காலில் கை வைத்தாள். "அம்மா. மாடு கத்திடுச்சாம்மா?"

குன்வோர் அவளை மரியாதையாகப் பார்த்தாள். "நீங்க இங்க புதுசா வேலைக்கு வந்திருக்கீங்களா?" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "மாலின், பாவம் இந்தப் பொண்ணு எங்கிருந்தோ வந்திருக்கு. ஒரு காப்பி ஊத்திக் குடு," என்றாள்.

நான் ஊற்றினேன். கோப்பையை மாலின் வாங்கிக்கொள்ளவில்லை.

வெளியே வந்ததும் சிக்ஸ்டன் தொப்பியை மாட்டிக்கொண்டே, "ஜெயிச்சுட்ட. இனிமே மார்ச் மாசத்துல என்னய்யா பண்ணுவ?" என்றான். இப்போது அவன் என் தொலைபேசியை எடுப்பதில்லை. ஒருமனதாக முடிவெடுத்த சங்கம் நோக்கம் நிறைவேறிக் கலைந்துவிடும் என்று விதி பன்னிரண்டு சொல்கிறது. அதையும் எழுதியவன் நான்தான்; அன்று அது ஒரு வேடிக்கை.

இதெல்லாம் எப்படி வெளியே வந்தது என்று நீங்கள் வியந்தீர்களாம். வியக்க ஒன்றுமில்லை, நான்தான் அனுப்பி வைத்தேன். கூட்டக் குறிப்பின் நகல் உறுப்பினருக்கும் விருந்தினருக்கும் பதினான்கு நாளில் போய்ச் சேர வேண்டும். குறிப்போடு சேர்த்து, இணைப்பு ஒன்று, வருகைப் பட்டியல். இணைப்பு இரண்டு, செவ்வாய்க்கிழமைச் சந்திப்புகளின் நாட்குறிப்பு, எந்த வாரம் மாடு எங்கே நின்றது என்பது உட்பட. இணைப்பு மூன்று, வாழ்க்கைப் புத்தகத்திலிருந்து நீக்கப்பட்ட பக்கத்தின் நகல். செயலாளர் ஆவணத்தை மறைக்கக் கூடாது. நான் எதையும் மறைக்கவில்லை. மறைத்தவன் என்று மாலின் தன் புகாரில் எழுதியிருப்பதை மட்டும் திருத்தக் கேட்டுக்கொள்கிறேன். மற்றதெல்லாம் சரி. நான்தான் செய்தேன், தெரிந்துதான் செய்தேன், எட்டு மாதம் செவ்வாய்தோறும் செய்தேன்.

அசல் பக்கம் என் மேசை இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது. அதைத் திருப்பி ஒட்டினால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். நேற்று எடுத்துப் பார்த்தேன். இரண்டு தலைகளும் ஒட்டினாற்போல் இருக்கின்றன, திரை வெளிச்சம் இரண்டு முகத்திலும் விழுகிறது. குன்வோர் திரையைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருப்பவளைப் பார்க்கிறாள். இருபத்தைந்து வருடம் வாதாடியிருக்கிறேன், அந்தப் படத்தைச் சரியாகப் பார்த்ததில்லை. அவள் பார்த்தது மகளைத்தான் என்றால் அது விளையாட்டின் தகுதி ஆகாது. வாதத்தில் சேராத விஷயம். ஆகவே இழுப்பறையை மூடிவிட்டுத் துறைமுகம் வரை நடந்தேன், மூன்று தடவை.

தண்டனை என்று எதை வைத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். செவ்வாய்க்கிழமையை மட்டும் எடுத்துவிடாதீர்கள். பத்து மணிக்கெல்லாம் அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள் என்று ஹிபோவே சொன்னாள். எனக்காகக் கேட்கவில்லை, அவளுக்காகக் கேட்கிறேன். நானும் வராமல்போனால், பாவம், அவள் யாரை மாலின் என்று கூப்பிடுவாள்?