எந்த நாட்டு ஆறு?

— ஆறுன்னா எந்த நாட்டு ஆறு, மேடம்?

— ஆறுன்னா ஆறுதாங்க. நாட்டுக்கு நாடு ஓடறதுக்கு இது என்ன தண்ணியா?

— ஓடும் மேடம். பிரிட்டிஷ் ஆறு, ஐரோப்பாவுக்குப் போனா முப்பத்தொம்பது. அமெரிக்காவுக்குப் போனா எட்டு. அமெரிக்கா ஆறை இங்க கொண்டாந்தா வெறும் நாலு. பதினோரு வருஷமா இந்த ஷூக் கடையில ஊர் காலைப் புடிச்சுத்தான் பொழைக்கிறேன், எனக்கே சில நாள் தலை சுத்தும்.

— நான் சொல்லல, அக்கா? நீ நெட்ல ஆர்டர் போட்டது அமெரிக்கா ஆறு. அதான் பொம்மைக்குப் போடற மாதிரி ஒண்ணு வந்து சேந்துச்சு.

— டேய், நீ கொஞ்சம் வாயை மூடு. அதை மாட்டிப் பாத்துக் கட்டைவிரல் நகம் பேந்தது எனக்கு.

— ஷூ உங்களுக்கா மேடம்?

— எங்க அம்மாவுக்கு. ரெண்டு பேருக்கும் ஒரே அளவுதான். என்னோடதைத்தான் அவங்க போட்டுக்குவாங்க.

— அம்மாவுக்குக் கல்யாணம்ங்க. வெள்ளிக்கிழமை, பதிவு ஆபீஸ்ல.

— போடா, மைக் புடிச்சுச் சொல்லு.

— ஏன், என்ன தப்பு? அம்மாவே ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல அத்தனை பேர்கிட்டயும் சொல்லிட்டாங்க. மாப்பிள்ளை அதே ஆஸ்பத்திரியில லிஃப்ட் ஆபரேட்டர்ங்க.

— மாப்பிள்ளையாம், மாப்பிள்ளை! அறுபத்திரெண்டு வயசு. மேலயும் கீழயும் போனதைத் தவிர வாழ்க்கையில எங்கயும் போகாத ஆளு.

— நல்ல விஷயம்தானே மேடம்?

— உங்க அம்மாவா இருந்தா தெரியும். அப்பா போய் ஏழு வருஷம். என் வீட்ல தனி ரூம், தனி டிவி, ராஜாத்தி மாதிரி வெச்சிருக்கேன். அம்பத்தெட்டு வயசுல எதுக்கும்மா இதெல்லாம்னு கேட்டா, ‘சொன்னா புரியாதுடி’ன்னு இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிட்டுப் போயிடறாங்க. நான் கல்யாணத்துக்கு வரப் போறதில்ல. பெத்த பொண்ணுங்கற கடமைக்கு நல்லதா ஒரு ஷூ வாங்கிக் குடுத்துட்டு ஒதுங்கிக்கறேன்.

— நேர்ல வராம செருப்பை மட்டும் அனுப்பினா, அதுக்கு அர்த்தம் வேறக்கா.

— ஷூடா. செருப்பு இல்ல.

— அடிச்சா ரெண்டும் ஒண்ணுதான்.

— சார், மேடம், சண்டையைக் கடைக்கு வெளிய வெச்சுக்கலாம். அம்மா கால் அளவு ஏதாவது இருக்கா? நம்பர்தான் நாட்டுக்கு நாடு பொய் சொல்லும். சென்டிமீட்டர் சொல்லாது.

— இருக்குங்க! சத்தியமா உயிரைப் பணயம் வெச்சு எடுத்தது. ஞாயித்துக்கிழமை மத்தியானம் அம்மா அசந்து தூங்கறப்போ, கரண்ட் பில்லைப் பாதத்துல ஒட்டி வெச்சு, பேனாவால சுத்தி வரைஞ்சேன். குதிகாலைத் தாண்டினதும் கூசிடுச்சு போல. விட்டாங்க பாருங்க ஒரு உதை! என் மூக்குக் கண்ணாடியைக் கட்டிலுக்கு அடியில போய்ப் பொறுக்கினேன்.

— குடுங்க பாப்போம்… இருபத்தஞ்சரை. படுத்திருக்கற கால் கொஞ்சம் சுருங்கித்தான் இருக்கும் சார், எழுந்து நின்னா நீளும். இருபத்தாறுன்னு வெச்சுக்குங்க.

— அப்படின்னா என்ன நம்பருங்க?

— நாப்பத்தொண்ணு. பிரிட்டிஷ்ல எட்டு, அமெரிக்காவுல பத்து.

— பத்தா! எங்க அம்மாவுக்கா? டேய், கட்டிலோட சேத்து அளந்தியா?

— சத்தியமா காலை மட்டும்தான்க்கா அளந்தேன்.

— சார், கட்டைவிரல் பக்கத்துல ஒரு புடைப்பு வரைஞ்சிருக்கீங்களே, இது என்ன?

— அது உதைச்சப்போ பேனா வழுக்கினதுங்க.

— வழுக்கல சார். எலும்பு. வருஷக்கணக்கா விரலை நெருக்கினா இப்படித்தான் துருத்திட்டு வரும்.

— ஏங்க, சும்மா பயமுறுத்தி விலை கூடின ஷூவைத் தலையில கட்டலாம்னு பாக்காதீங்க. அவங்க தினமும் போடறது என்னோட பழைய ஷூ. நான் ஆறு.

— நீங்க ஆறுதான் மேடம், பாத்ததுமே தெரியுது. அம்மா போட்டதுல ஒண்ணு இருந்தா காட்டுங்களேன்.

— இருக்கு, இருக்கு. மாடல் காட்டலாம்னு பழசு ஒண்ணு பையில போட்டுட்டு வந்தேன். இந்தாங்க.

— இது நான் ரெண்டு வருஷம் போட்டுட்டு அம்மாவுக்குக் குடுத்தது.

— கையை உள்ள விட்டுப் பாருங்க மேடம். பயப்படாதீங்க, கடிக்காது… உங்க அம்மாவைத்தான் கடிச்சிருக்கு. முன்னால அஞ்சு குழி தெரியுதா?

— ம்.

— விரலை மடிச்சு வெச்சு நடந்த தடம் அது. பின்னால பாருங்க, குதிகால் மேல ஏறி ஏறி மடங்கிப் போயிருக்கு.

— அக்கா, போதும்க்கா, கையை வெளிய எடு.

— நீ போனை எடு.

— யாருக்கு?

— எடுடா. அம்மாவைக் கூப்பிடு. ஸ்பீக்கர்ல போடு.

— வேண்டாம்க்கா, சர்ப்ரைஸ்னு நீதானே…

— சர்ப்ரைஸ் எல்லாம் எனக்கு ஆயிடுச்சு. போடு.

— அலோ, சின்னவனா? சீக்கிரம் சொல்லு, மிஷின்ல இருந்து இப்பதான் ஷீட் எடுத்திருக்கேன்.

— நான்தாம்மா. உன் ஷூ சைஸ் என்ன?

— இதுக்கா கூப்பிட்டே? ஆறு.

— பொய் சொல்லாதே. அளந்து பாத்தாச்சு.

— …எவ்வளவு வந்துச்சு?

— நாப்பத்தொண்ணு.

— சரியாத்தான் அளந்திருக்காங்க.

— உனக்குத் தெரியுமா?

— என் கால் எனக்குத் தெரியாதாடி?

— அப்பறம் எதுக்கு ஆயுசு பூரா ஆறு ஆறுன்னு உயிரை விட்டே?

— கல்யாணமான புதுசுல உங்க அப்பா வாங்கிட்டு வந்தது ஆறு. சேப்புக் கலர். பெட்டியைத் திறந்து வெச்சுட்டு என் முகத்தையே பாத்துக்கிட்டு நின்னாரு. அந்த மனுஷன்கிட்ட என்னன்னு சொல்றது? கச்சிதமா இருக்குன்னுட்டேன். அன்னியில இருந்து வருஷம் தவறாம ஆறுதான். அவரு போனதும் நீ ஆரம்பிச்சே.

— நான் குடுத்தது பழசும்மா! வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?

— நீயும்தான் ஆசையாக் குடுத்தே. தூக்கியா எறிஞ்சே?

— எட்டு மணி நேரம் அதுலயா நிக்கறே?

— சேச்சே, அது பஸ் ஏறி இறங்கற வரைக்கும்தான். இங்க லாக்கர்ல எனக்குன்னு ஒரு நாப்பத்தொண்ணு இருக்கு. வந்ததும் மாத்திக்குவேன். வீட்டுக்குக் கிளம்பறப்போ மறுபடி உன்னோடது.

— என் வீட்டுக்கு வர்றதுக்கு விரலை மடிச்சுக்கிட்டு வர்றே.

— விடுடி, அது ஒண்ணும் பெரிசு இல்ல.

— லாக்கர்ல இருக்கறது யாரு வாங்கிக் குடுத்தது?

— அவருதான்.

— அவருன்னா?

— லிஃப்ட்டுக்காரருடி. வேற எத்தனை பேரை வெச்சிருக்கேன்?

— பாத்தியாக்கா! கேக்காமலே அவருக்கு அளவு தெரிஞ்சிருக்கு. மனுஷன்னா இப்படி இருக்கணும்!

— யாரது, சின்னவனும் கேட்டுக்கிட்டு இருக்கானா? அவருக்கு ஒரு மண்ணும் தெரியாதுடா. அவரும் ஆறுதான் வாங்கிட்டு வந்து நீட்டினாரு.

— நீ என்னம்மா சொன்னே?

— போட்டுப் பாத்தேன். ‘பத்தல’ன்னேன். எனக்கே தூக்கி வாரிப் போட்டுச்சு, இந்த வாயா சொல்லுதுன்னு. அவரு பாட்டுக்கு ‘அப்படியா, மாத்திட்டு வரேன்’னு பெட்டியைக் கக்கத்துல வெச்சுக்கிட்டுக் கிளம்பிட்டாரு. கோவமும் இல்ல, மூஞ்சி தொங்கவும் இல்ல.

— சரி, அதுக்காக?

— எதுக்கு இந்த வயசுல கல்யாணம்னு கேட்டுக்கிட்டே இருந்தியே. முப்பத்தஞ்சு வருஷத்துல நான் ஒருத்தர்கிட்ட ‘எனக்குப் பத்தல’ன்னு வாய் விட்டுச் சொன்னது அன்னிக்குத்தான்டி.