வெளுத்த பிளாஸ்மா

எனக்கு ஆட்டு வால் கொழுப்பு பிடிக்காது, ஐயா. நாரின் ஆற்றங்கரைக் கிர்கிஸ்காரன் ஒருவன் இதை வெளியே சொல்வது வெட்கம்தான். விருந்துகளில் மரியாதைக்கென்று வைக்கும் என் பங்கைப் பக்கத்து ஆளின் தட்டில் தள்ளிவிடுவேன்.

எங்கள் ரத்த வங்கியில் பிளாஸ்மா பிரிக்கும் வேலையை இயந்திரத்திடம் கொடுத்தவன் நான். முன்பெல்லாம் சுழற்றி எடுத்த ரத்தப்பையைக் கை அழுத்தியில் வைத்து, மேலே நிற்கும் மஞ்சள் நீரை மட்டும் எங்கள் மூத்த ஊழியர் சாய்ரா அக்கா பார்த்துப் பார்த்து வேறு பைக்கு ஏற்றுவார். என் இயந்திரம் தானே சுழற்றும், தானே அழுத்தும், சிவப்பு தொடங்கும் இடத்தை ஒளிக்கண்ணால் கண்டு தானே நிறுத்தும். ரத்தம் கொடுப்பவர் கொழுப்பு தின்றுவிட்டு வரக்கூடாது, அவ்வளவுதான். தின்றால் பிளாஸ்மா பால்போல் வெளுத்துவிடும். ஒளிக்கண் குழம்பி, பாதியிலேயே நின்றுவிடும்.

தொண்டைத் தண்ணீர் வற்றச் சொன்னேன். சுவரெல்லாம் எழுதி ஒட்டினேன். கேட்டால்தானே. ரத்தம் கொடுக்கப் போகிறவனுக்குத் தெம்பு வேண்டுமாம், நல்ல கொழுப்பாகப் பார்த்து ஊட்டி அனுப்புவார்கள். இயந்திரம் நின்று நின்று என் மானம் போனது.

"உன் பொட்டிக்குக் கண்ணு மங்கிப்போச்சு தம்பி, ஒரு கண்ணாடி வாங்கி மாட்டு" என்பார் சாய்ரா அக்கா. சொல்லிவிட்டுக் கை அழுத்தியை எடுத்துக்கொள்வார். அது இருக்கும்வரை ஒருத்தரும் திருந்தப்போவதில்லை என்று பட்டது. இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

அதற்கு அடுத்த வாரம் அய்சுலு என்ற பெண்ணுக்குப் பிரசவத்தில் ரத்தம் நிற்கவில்லை. ரத்தம் உறையப் பிளாஸ்மா ஏற்ற வேண்டும்; அவள் வகை கையிருப்பில் இல்லை. கணவாயைப் பனி மூடியிருந்ததால் நகரத்திலிருந்தும் எதுவும் வராது. கணவனின் அண்ணன் தம்பிகள் அடித்துப்பிடித்து ஓடிவந்தார்கள். பிள்ளை நல்லபடியாகப் பிறக்கட்டும் என்று ஆடு அறுத்து, ஆளுக்கொரு வாய் கொழுப்பும் தின்றுவிட்டு வந்திருந்தார்கள். இயந்திரம் நின்றது. அடுத்த பைக்கும் நின்றது.

"சாவியக் குடு தம்பி. வெளுத்திருந்தாலும் பரவாயில்ல, உசுரு முக்கியம்னு பிரசவம் பாக்குற டாக்டரே சொல்லிட்டாரு."

"என்கிட்ட இல்லக்கா. பெரிய டாக்டர் ஊருக்குக் கொண்டுபோயிட்டாரு."

சாவி என் சட்டைப்பையில்தான் இருந்தது. ஒருமுறை விட்டுக்கொடுத்தால் அப்புறம் காலத்துக்கும் இதே கதைதான் என்று நினைத்தேன். இது நியாயமில்லையா, நீங்களே சொல்லுங்கள். கொழுப்பு தின்னாத ஆளாகப் பார்த்துக் கூட்டிவரச் சொன்னேன்.

"ஊரே அந்த ஆட்டத் தின்னுருக்கு அண்ணே, நான் யாரப் போயிக் கூட்டியாறது?" என்று கணவனின் தம்பி தாலாய் தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

சாய்ரா அக்கா எங்கிருந்தோ கடப்பாரை கொண்டுவந்து அலமாரியை நெம்பினார். கதவு திறப்பதற்குள் பிரசவ அறையிலிருந்து ஆள் வந்துவிட்டது. இனி வேண்டாம் என்றார்கள்.

அவள் போனதில் எனக்கும் வருத்தம்தான். ஆனால் எல்லாரும் இயந்திரத்தைத் திட்டுகிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. அன்று சாயங்காலமே அதைச் சோதித்துவிட்டேன். நர்ஸைக் கூப்பிட்டு என் ரத்தத்தையே எடுக்கச் சொன்னேன். என்னுடையதும் அய்சுலுவின் வகைதான். பிளாஸ்மா தேன்போல் தெளிவாக இறங்கியது. இயந்திரம் ஒரு தடவைகூட நிற்கவில்லை, ஐயா.