எந்திரிச்சு நின்னா அணையும்

டப்பா பழுதுன்னு சொன்னது யாரு சார்? எங்க மாப்பிள்ளையா? சொல்வாரு, சொல்வாரு. ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம். ஐயோ, அந்த ஸ்டூல் வேணாம், பேன்ட்டுல கிரீஸ் ஒட்டிக்கும். இப்படி வாங்க. அவரு ஓட்ற ரேஸ் படகு மேல உங்க டைல்ஸ் கடைப் பேர எழுதுன பாவத்துக்கு என் பட்டறை வரைக்கும் நடக்க வேண்டியதாயிடுச்சு பாருங்க.

இந்தாங்க, இதான் அந்த டப்பா, மோட்டருக்குப் பொறி குடுக்கற இக்னிஷன். கையில வாங்குங்க, கடிக்காது. கடையில விக்கிற இக்னிஷன் ரேஸ் மோட்டருக்குத் தாங்காது சார். வேகம் ஏற ஏறப் பொறி திக்கும். அதான் நானே கட்டினேன். பழைய ஸ்கூட்டர் காயில், ஃப்ளைவீல்ல ஒட்டின காந்தம், தண்ணி போகாம மேல ஊத்தின பிசின். எத்தன ஷாக் வாங்கியிருக்கேன் தெரியுமா? என் பொண்டாட்டி விளக்குமாத்துக் கட்டையோட பக்கத்துல நிப்பா, கரன்ட்டுல ஒட்டிக்கிட்டா அடிச்சு விடறதுக்கு. அடிக்கறதுக்கு அவளுக்கு ஒரு சாக்கு கெடச்சா போதும்.

இவ்வளவு பாடுபட்டுச் செஞ்சு குடுத்தா, ஓட்றவரு என்ன பண்றாரு? மோட்டர நிறுத்துற கயிறு இருக்குல்ல, அத ஓட்றவன் தன் கால்ல மாட்டிக்கணும். தண்ணியில விழுந்தா கயிறு உருவிக்கும், பொறி செத்துடும், படகு நின்னுடும். பச்சப் புள்ளைக்கும் புரியும். நம்ம மாப்பிள்ளை அத எங்க மாட்டறாரு? படகுல இருக்கிற கம்பியிலயே! ஏன்னா போன வருஷம் ஒரு வளைவுல கயிறு தானா கழண்டு, மோட்டர் நின்னு, நாலு பேரு சிரிச்சுட்டாங்களாம். மானம் போச்சாம். த்தூ! சொல்லவே குமட்டுது சார்.

ஆளில்லாத படகு நேரா ஓடாது. வட்டம் போட்டு, விழுந்தவன் கிட்டயே திரும்பி வரும். அடியில மோட்டர் விசிறி கத்தி மாதிரி சுத்திக்கிட்டே இருக்கும்.

சொல்லாம இருப்பேனா? வாய் வலிக்கச் சொன்னேன். அவரு பொண்டாட்டி, என் தங்கச்சி, கால்ல விழாத கொறையா அழுதா. விழுந்தாத்தானே, நான் ஏன் விழறேன்னு மீசையத் தடவறாரு. பாக்கவே சகிக்கல. அதனால சீட்டுக்கு அடியில கமுக்கமா ஒரு ஸ்விட்ச் வச்சு, ஒயர இந்த டப்பாவுல சேத்தேன். தங்கச்சிக்குக் கூடத் தெரியாது. சீட்ல ஆள் பாரம் இருந்தாத்தான் பொறி. படகு குதிச்சா ஆளும் எகிறுமே, அதுக்கு ஒண்ணு, ரெண்டுன்னு எண்ற நேரம் தாங்கும். அதுக்கு மேல சீட் காலியா இருந்தா அணைஞ்சுடும்.

என்ன சார் முழிக்கிறீங்க? ஆமா, டப்பா பழுதே ஆகல. அன்னைக்கு ரேஸ்ல முடிவுக் கோடு கண்ணுக்கு எதிர்ல, பக்கத்துல ஒருத்தனும் இல்ல. பொத்திக்கிட்டு உக்காந்திருந்தா கப்பு நம்மளுது. இவரு எந்திரிச்சு நின்னு கரையப் பாத்துக் கையாட்றாரு! தேர்தல்ல நிக்கிறாரா சார் இவரு? மோட்டர் நின்னுச்சு. பின்னாடி வந்தவன் அத்தன பேரும் தாண்டிப் போனான். நான் கரையில தலையில அடிச்சுக்கிட்டேன்.

இப்ப எல்லாரும் என்னைத் துப்பறாங்க. தங்கச்சியே வாசல்ல நின்னு, உன் ஓட்ட டப்பாவால என் புருஷன் தலைகுனிஞ்சாருன்னு கத்திட்டுப் போனா. வாய மூடிக்கிட்டுக் கேட்டுக்கிட்டேன். நெசத்தச் சொன்னா அடுத்த நிமிஷம் ஒயர அறுத்துடுவாரே மனுஷன்.

கடை டப்பா நீங்களே வாங்கித் தர்றீங்களா? உங்க காசு, உங்க இஷ்டம். ஆனா நான் இருக்கற வரைக்கும் அந்தப் படகுல அது ஏறாது. கோவப்படுங்க, பரவால்ல. ஒரு உதவி மட்டும் பண்ணுங்க சார். டப்பாவ சரி பண்ணியாச்சுன்னு அவருகிட்ட சொல்லுங்க. எந்திரிச்சா கடைப் பேரு மறையுது, கடைசி வரைக்கும் உக்காந்தே ஓட்டுப்பான்னும் சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாரு.

ஏன் இவ்வளவு பிடிவாதம்னா கேக்கறீங்க? உள்ள தையல் மிஷின் சத்தம் கேக்குதா? எங்க பெரியக்கா. அத்தான் படகு இப்படித்தான் ஆளில்லாம வட்டம் போட்டு அவர்கிட்டயே திரும்பி வந்துச்சு. மாப்பிள்ளைக்குத் தெரியாம இல்ல. உங்க அத்தானுக்கு ஓட்டத் தெரியலங்கறாரு, அக்கா காதுல விழற மாதிரி.

ஒரு வீட்டுக்கு ஒருத்தி போதும் சார்.